பழைய குட்டி யானை வாங்குறீங்களா? முதல் லோடுக்கு முன்னாடி முதல் சர்வீஸ்

ஊர்ல அப்பாவோ தம்பியோ ஓட்டட்டும்னு, சம்பளத்துல இ.எம்.ஐ. கட்டி ஒரு பழைய குட்டி யானையோ தோஸ்த்தோ வாங்கிக் கொடுக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க. நல்ல விஷயம்தான். ஆனா நீங்க போடுற பட்ஜெட்ல வண்டி விலை இருக்கும், புரோக்கர் கமிஷன் இருக்கும், பூஜைக்குக்கூட ஒரு தொகை இருக்கும். வாங்கின கையோட செய்ய வேண்டிய சர்வீஸுக்கு மட்டும் ஒரு வரி இருக்காது.

என் கருத்து இதுதான். கடனும் கைக்காசும் சேர்த்து 3.5 லட்சம்னா, 3.15 லட்சத்துக்குள்ள வண்டி பாருங்க. மீதி 35,000 ஷெட்டுக்கு.

"இப்பதான் சர்வீஸ் பண்ணேன் சார்"னு வித்தவர் சொல்லுவார். பில் இருந்தா நம்புங்க. இல்லைன்னா பண்ணலைன்னே வச்சுக்கோங்க. விக்கப்போற வண்டிக்கு யார் கைக்காசு போட்டு ஆயில் மாத்துவாங்க? நீங்க மாத்துவீங்களா?

அதனால இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடுங்க. கியர் பாக்ஸ் ஆயில், பின் ஆக்ஸில் ஆயில் இரண்டையும் பலர் மறந்துடுவாங்க, அதையும் சேர்த்துக்கோங்க. இன்ஜின் நல்லா ஆறின பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்க. துருக் கலர்ல தண்ணி இருந்தா, கூலன்ட் ஊத்தாம குழாய்த் தண்ணியிலயே ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம். டயர்ல உற்பத்தித் தேதி 4 இலக்கமா இருக்கும். 2319னா 2019-ல 23-வது வாரம். பட்டன் நல்லா இருந்தாலும் வயசான டயரை நம்பி லோடு ஏத்தாதீங்க.

பிரேக் விஷயத்துல மட்டும் பேரமே வேண்டாம். நீங்க டெஸ்ட் டிரைவ் பார்த்தது காலி வண்டியில. காலி வண்டி சொன்ன இடத்துல நிக்கும். முக்கால் டன் ஏத்திக்கிட்டு இறக்கத்துல வரும்போதுதான் அதோட உண்மையான நிலைமை தெரியும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி, மிதிச்சா பெடல் மெத்துனு உள்ள போகும். பழைய பிரேக் ஆயிலை முழுசா எடுத்துட்டுப் புதுசு ஊத்தச் சொல்லுங்க. பின் டிரம்மைக் கழட்டி லைனிங்கையும் பார்க்கச் சொல்லுங்க. ஓட்டப்போறது உங்க தம்பி.

கணக்காவே பார்ப்போம். 2.5 லட்சம் கடன், 15% வட்டி, 36 மாசம்னா இ.எம்.ஐ. சுமார் 8,700. மாசம் 26 நாள் ஓடினா, வண்டி நிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் கடன் மட்டுமே 330 ரூபாய்க்கு மேல. போன வாடகையும், வேற வண்டி பார்த்துக்கிட்ட கஸ்டமரும் இந்தக் கணக்குல வரல.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. நீங்க சென்னையில, வண்டி ஊர்ல. இ.எம்.ஐ. தானா கழியுது, அதனால எல்லாம் ஒழுங்கா போகுதுன்னு நீங்க நினைப்பீங்க. தம்பிக்கு கிளட்ச் வழுக்குறது தெரியும். ஆனா "அண்ணன் ஏற்கனவே இவ்வளவு போட்டிருக்கான், இன்னும் 8,000 எப்படிக் கேட்கிறது"னு தள்ளிப்போட்டுக்கிட்டே இருப்பான். குடும்பத்துக்குள்ள ஓடுற வண்டிங்க பல இப்படித்தான் கெடுது. அவன் கேட்கிற நிலைமைக்கே விடாதீங்க. மாசம் 2,000 ரூபாய் அவன் பேர்ல ஒரு தனிக் கணக்குக்குத் தானா போற மாதிரி போட்டுவிடுங்க. அது வண்டிக்காசு, யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்லிடுங்க.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள புது ஓனர் பேருக்கு மாத்த விண்ணப்பிச்சிடுங்க. எஃப்.சி. எப்ப முடியுதுன்னு ஒரு தடவை பாருங்க.

மியூசிக் சிஸ்டம், எல்.இ.டி. லைட், பின்னாடி எழுதுற வாசகம் எல்லாம் மூணாவது மாசம் பார்த்துக்கலாம். இப்போதைக்கு சர்வீஸ் பில்லை வாட்ஸ்ஆப்ல அனுப்பச் சொல்லுங்க. அடுத்த ஆயில் எத்தனை கிலோமீட்டர்ல மாத்தணும்னு மெக்கானிக் கையாலயே அதுல எழுதி வாங்கச் சொல்லுங்க.