தெரிந்த சொல்லும் தெரியாத பொருளும்

பழைய ஆங்கில நூல்களைப் படிக்கும் மாணவர் பலர், அறியாத சொல்லுக்கு மட்டுமே அகராதியைப் புரட்டுகின்றனர். ஆனால், அறிந்த சொல்லே அவர்களைப் பெரிதும் ஏமாற்றுகிறது.

‘மீட்’ என்னும் சொல் இன்று இறைச்சியைக் குறிக்கிறது. 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலியத்திலோ அது உணவு என்னும் பொதுப்பொருளில் வழங்குகிறது. அந்நூல் கூறும் ‘மீட்’ காணிக்கை மாவும் எண்ணெயும் கொண்டது; இறைச்சி அதில் இல்லை. இன்று மானைக் குறிக்கும் ‘டீர்’ என்னும் சொல், முற்காலத்தில் எவ்விலங்கையும் குறித்தது. ‘வேர்ஃபோர்’ என்பதற்கு ‘எங்கே’ எனப் பொருள் கொள்வோர் பலர். ‘ஏன்’ என்பதே அதன் பொருள். ஷேக்ஸ்பியரின் ஜூலியட் அச்சொல்லால் ரோமியோவைத் தேடவில்லை. அவன் ஏன் பகைவர் குடியினனாக இருக்கிறான் என்றே வருந்துகிறாள்.

தமிழிலும் இந்நிலை உண்டு. இன்று தீய மணத்தைக் குறிக்கும் ‘நாற்றம்’, திருக்குறளில் மொட்டினுள் அடங்கிய நறுமணத்தைக் குறிக்கிறது. இன்றைய பொருளைக் கொண்டு அதனைப் படித்தால் குறளின் அழகே கெடும் அன்றோ?

பழம்பொருள்களைக் கற்பது வீண் என்பாரும் உளர். அன்றாடப் பேச்சுக்கு அவை வேண்டா என்பது மெய்யே. ஆயினும், எழுதியவர் கருதிய பொருளை அறியாமல் படிப்பது அவர் சொல்லாததை அவர்மேல் ஏற்றுவதாகும். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி, சொற்பொருள்களைக் கால வரிசையில் தருகிறது. பழைய நூலைப் படிக்கும்போது பொருள் பொருந்தாத இடத்தில், நன்கு தெரிந்த சொல்லையும் அத்தகைய அகராதியில் பார்த்தல் வேண்டும்.