டர்போ காருக்கு ‘பிரீமியம்’ பெட்ரோல் தேவையா? கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கும்?

“நார்மலா, பவரா சார்?” பெட்ரோல் பங்க்கில் இந்தக் கேள்வி வரும்போது டர்போ கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். வென்யூ, நெக்ஸான், டைகுன், ஃப்ரான்க்ஸ் என்று பட்ஜெட் கார்களிலேயே டர்போ பெட்ரோல் இன்ஜின் வந்துவிட்டது. ‘டர்போன்னா பிரீமியம்தான் போடணும், அப்பதான் பிக்கப் வரும்’ என்று நண்பர்களும் சொல்கிறார்கள். அது உண்மையா?

சுருக்கமான பதில்: சில கார்களில் உண்மை, பல கார்களில் காசுதான் வேஸ்ட். எந்தக் காரில் உண்மை என்பதை முடிவு செய்வது பெட்ரோல் இல்லை, இன்ஜினை எந்த பெட்ரோலை மனதில் வைத்து டியூன் செய்திருக்கிறார்கள் என்பதுதான்.

ஆக்டேன் என்றால் என்ன?

ஆக்டேன் எண் அதிகம் என்றால் பெட்ரோலில் சக்தி அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அழுத்தத்தையும் சூட்டையும் பெட்ரோல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைச் சொல்லும் எண் அது. ஸ்பார்க் பிளக் தீப்பொறி ஏற்றி எரிய ஆரம்பித்த பிறகு, மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்தால் இன்ஜினில் ‘டக் டக்’ என்று தட்டும் சத்தம் வரும். இதுதான் நாக்கிங். இது தொடர்ந்தால் பிஸ்டன் வரை சேதமாகலாம்.

ஆக்டேனும் சக்தியும் வேறு வேறு என்பதற்கு எத்தனாலே சாட்சி. அதன் ஆக்டேன் எண் 108-ஐத் தாண்டும். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு.

டர்போவுக்கு மட்டும் ஏன் இந்தப் பேச்சு?

டர்போ, காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் திணிக்கிறது. அதனால்தான் 1 லிட்டர் இன்ஜினிலேயே 115, 120 குதிரைத்திறன் கிடைக்கிறது. ஆனால் அழுத்தினால் காற்று சூடாகும்; உள்ளே அழுத்தமும் ஏறும். நாக்கிங்குக்கு இவை இரண்டும் போதும். மே மாத வெயிலில், நாலு பேரையும் லக்கேஜையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இன்ஜின் படும் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் இன்றைய கார்களில் தட்டும் சத்தம் பெரும்பாலும் காதில் விழாது. காரணம், நாக் சென்சார். அது அதிர்வைக் கண்டுபிடித்ததும் காரின் கம்ப்யூட்டரான இ.சி.யு., தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைக்கும்; தேவைப்பட்டால் டர்போ அழுத்தத்தையும் குறைக்கும். இன்ஜின் தப்பித்துவிடும். ஆனால் இழுவையும் மைலேஜும் கொஞ்சம் அடிவாங்கும்.

இங்கேதான் ஆக்டேனுக்கு வேலை. அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் இ.சி.யு. அப்படிப் பின்வாங்க வேண்டியதில்லை. அதாவது, இழந்த பவர் திரும்பக் கிடைக்கும். குறைந்த ஆக்டேனுக்கே டியூன் செய்த இன்ஜின் எதையும் இழக்கவில்லை. அதனால் அதில் திரும்பக் கிடைக்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை.

எவ்வளவு வித்தியாசம் வரும்?

அமெரிக்காவில் மாஸ்டா சிஎக்ஸ்-5 காரின் 2.5 லிட்டர் டர்போ இன்ஜினுக்கு, சில ஆண்டுகள் கம்பெனியே இரண்டு கணக்கு கொடுத்தது: 87 ஆக்டேனில் 227 குதிரைத்திறன், 93-ல் 250. சுமார் 10 சதவீதம் அதிகம். (அமெரிக்க பங்க்குகளில் எண்ணை வேறு முறையில் போடுகிறார்கள். அவர்களின் 87 நம் ஊர்க் கணக்கில் சுமார் 91. 93 என்பது சுமார் 98.) இரண்டு பெட்ரோலுக்கும் ஏற்ப மாறும்படி டியூன் செய்த இன்ஜின் என்பதால் இது சாத்தியமானது.

எல்லா காரும் அப்படி இல்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பான ஏ.ஏ.ஏ. 2017-ல் வெளியிட்ட சோதனையில், ‘பிரீமியம் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று கம்பெனியே சொன்ன கார்களில்கூட சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதமும் பவர் 1.4 சதவீதமும்தான் கூடின. சாதாரண பெட்ரோலே போதும் என்று சொல்லப்பட்ட கார்களுக்கு பிரீமியத்தால் பலன் இல்லை என்று முந்தைய ஆண்டே அந்த அமைப்பு சொல்லிவிட்டது.

இ20 வந்த பிறகு என்ன மாறியது?

முன்பு இந்தியாவில் சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன், பிரீமியம் 95. வித்தியாசம் தெளிவாக இருந்தது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. இந்தியத் தர நிர்ணயத்தின்படி இ20-யின் ஆக்டேன் குறைந்தது 95 இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமும் இதைச் சொன்னது.

அப்படியென்றால், பெயரிலேயே 95 போட்டிருக்கும் பிரீமியத்தை ஆக்டேனுக்காக மட்டும் வாங்குவதில் இப்போது அர்த்தம் குறைவு. அதில் மிஞ்சுவது இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் என்று கம்பெனிகள் சொல்லும் சேர்மானங்கள். உண்மையான ஆக்டேன் வித்தியாசம் வேண்டும் என்றால் 97, 99, 100 என்று மேலே போக வேண்டும்.

இ20-யால் மைலேஜ் குறைகிறது என்ற புகார் வேறு விஷயம். இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு ஏற்ப டியூன் செய்த கார்களில் 1-2 சதவீதம், மற்றவற்றில் 3-6 சதவீதம் குறையலாம் என்று அமைச்சகமே கூறியது. இது ஆற்றல் குறைவதால் வருவது. ஆக்டேனைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. ‘பிரீமியம்’ என்று பெயர் இருப்பதாலேயே அதில் எத்தனால் இல்லை என்றும் அர்த்தம் இல்லை.

பாக்கெட் கணக்கு

வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், மைலேஜ் 15 என்றால் 800 லிட்டர் ஆகும். பிரீமியம் லிட்டருக்கு 8 ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 6,400 ரூபாய் கூடுதல். லிட்டர் 100 ரூபாய் என்ற விலையில் இதை மைலேஜிலேயே ஈடுகட்ட, மைலேஜ் 8 சதவீதம் ஏற வேண்டும். ஏ.ஏ.ஏ. சோதனையில் கிடைத்த சராசரியோ 2.7 தான்.

100 ஆக்டேன் இன்னும் காஸ்ட்லி. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் அதை அறிமுகம் செய்தபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். அன்று அங்கே சாதாரண பெட்ரோல் 82 ரூபாய் அளவில்தான் இருந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரையும் ஓனர்ஸ் மேனுவலையும் பாருங்கள். ‘குறைந்தபட்சம்’ என்று போட்டிருக்கும் எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. ‘பரிந்துரை’ என்று இருந்தால், அது உங்கள் விருப்பம்.
* 97-க்கு மேல் தேவைப்படும் இறக்குமதி ஸ்போர்ட்ஸ் கார், இ.சி.யு.-வை ரீமேப் செய்த கார் என்றால் யோசிக்கவே வேண்டாம். அந்த பெட்ரோலையே போடுங்கள்.
* சந்தேகம் இருந்தால் நீங்களே டெஸ்ட் பண்ணலாம். இரண்டு, மூன்று டாங்க் தொடர்ந்து ஒரே பெட்ரோல், ஒரே ரூட், ஃபுல் டாங்க் டு ஃபுல் டாங்க் கணக்கு. ஒரு டாங்க்கை வைத்து முடிவு செய்யாதீர்கள்.
* மேட்டில் பெரிய கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் டர்போ இன்ஜின் திணறும். கியரைக் குறையுங்கள். இதற்குக் காசே செலவில்லை.
* சாதாரண பெட்ரோலிலேயே தட்டும் சத்தம் தொடர்ந்து கேட்டால், பிரீமியம் போட்டு மறைக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிளக், சென்சார், கார்பன் படிவு என்று காரணம் வேறாக இருக்கலாம்.