நீலப் புகையும் நைலான் கயிறும்!

செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனா அம்மா சமையல், மதியத் தூக்கம்னு ஜாலியா இருக்கலாம்னுதானே நினைப்போம்? எனக்கு இந்த லீவு முழுக்க கிரீஸ் வாசனை!

அப்பா மேட்டுப்பாளையத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறார். நாலு சிலிண்டர், எட்டு வால்வு, பழைய பெட்ரோல் வண்டி. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பின்னாடி நீலப் புகை. கோத்தகிரி மலையிலிருந்து கியர்ல இறங்கி வந்து, அடிவாரத்துல ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மறுபடியும் புகை. பத்து நாளில் எஃப்.சி. வேற! ஒரு ஒர்க் ஷாப்பில் கேட்டதற்கு, ‘ஹெட்டை இறக்கணும், லேத்துக்கு அனுப்பணும், ஒரு வாரம் ஆகும்’ என்றார்கள். வண்டி ஒரு வாரம் நின்னா வீட்டு வருமானமும் நிக்கும். என் காலேஜ் ஃபீஸும் அதே வண்டியிலதான் வருது பாஸ்!

கடைசியில், அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போனோம். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதலில் கேள்வி. “மேடு ஏறும்போது புகையுதுங்களா, இறங்கி வந்து மிதிச்சா புகையுதுங்களா?”

மேட்டர் இதுதான். நீலப் புகைன்னா இன்ஜின் ஆயில் எரியுதுன்னு அர்த்தம். ஆயில் சிலிண்டருக்குள் வர ரெண்டு வழி. கீழே பிஸ்டன் ரிங், மேலே வால்வு சீல். வால்வு தண்டில் தொப்பி மாதிரி மாட்டியிருக்கும் சின்ன ரப்பர்தான் சீல். வருஷக்கணக்கா சூட்டுல வெந்து அது விறைச்சுப் போயிடும். ராத்திரி வண்டி நிற்கும்போது ஆயில் தண்டு வழியா இறங்கும். மலை இறங்கும்போது த்ராட்டில் மூடியிருப்பதால், உள்ளே உண்டாகிற வெற்றிடமும் ஆயிலை இழுக்கும். ரிங் தேஞ்சிருந்தால், மேடு ஏறும்போதுதான் புகை அதிகம்.

அதோடு விடவில்லை. கம்ப்ரஷன் கேஜ் வைத்து நாலு சிலிண்டரையும் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். ரிங் போயிருந்தால் அளவு சட்டென்று ஏறும். ஏறலை. குற்றவாளி சீல்தான்!

ஹெட்டை இறக்காம சீல் மாத்துறதுல ஒரே பயம், லாக்கைக் கழட்டினதும் வால்வு நழுவி சிலிண்டருக்குள் விழுந்துடும். அண்ணன் எடுத்ததோ ஒரு நைலான் கயிறு! பிஸ்டனைக் கொஞ்சம் கீழே இறக்கி, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியா கயிற்றை உள்ளே திணித்தார். நுனி மட்டும் வெளியே. இனி கிராங்க்கைக் கையால் சுற்றி பிஸ்டனை மேலே கொண்டு வந்தால், கயிறு மெத்தை மாதிரி வால்வைத் தாங்கும்.

நான் சும்மா இருப்பேனா? “அண்ணா, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கான்னு பாருங்க. அப்பதான் ரெண்டு வால்வும் மூடியிருக்கும்!” ரெண்டு மார்க் கேள்வியில் முழு மார்க் வாங்கின பதில் ஆச்சே!

“ஏனுங்க தம்பி, ராக்கரைத்தான் கழட்டி வெச்சாச்சே. அப்புறம் வால்வை யாருங்க திறப்பா?”

செம பல்பு! ராக்கர் இல்லாதப்போ ஸ்ப்ரிங்கே எல்லா வால்வையும் மூடித்தானே வெச்சிருக்கும்? பிஸ்டன் மேலே வந்தால் போதும். பதில் தெரிஞ்ச எனக்கு, அந்தப் பதில் எப்போ தேவைன்னு தெரியலை.

ஆயில் இறங்கும் ஓட்டைகளைத் துணியால் அடைச்சோம். ஸ்ப்ரிங்கை அமுக்கி, லாக்கைக் காந்தத்தால் எடுத்து, பழைய சீலைப் பிடுங்கினால், முறுக்கு மாதிரி நொறுங்குது! வால்வுத் தண்டை ஆட்டிப் பார்த்தார் அண்ணன். கைடு தேஞ்சு ரொம்ப ஆடினால் புது சீலும் தாங்காது. அப்போ ஹெட்டை இறக்கித்தான் ஆகணும். நல்லவேளை, ஆடலை. புது சீலில் ஆயில் தடவி மாட்டி, லாக்கை கிரீஸ் வெச்சு உட்கார வெச்சோம். என் கையிலிருந்து ஒரு லாக் எகிறித் துணியில் விழுந்தது. துணி இல்லாட்டி நேரா ஆயில் சம்ப்புக்குப் போயிருக்கும்!

உடனே வீட்டு வண்டியைப் பிரிக்கக் கிளம்பிடாதீங்க. சில இன்ஜின்களில் ராக்கர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிற போல்ட்டே ஹெட்டையும் பிடிச்சிருக்கும். அதைக் கழட்டினால் ஹெட்டும் லூஸ்!

சாயங்காலத்துக்குள் எட்டும் முடிஞ்சது. டேப்பெட் கேப் வெச்சு ஸ்டார்ட் பண்ணினால்... மறுபடி புகை! அப்பா முகம் வாடிப்போச்சு. “சைலன்சர்ல தங்கின பழைய ஆயிலுங்க, ரெண்டு நாள் ஓட்டுங்க” என்றார் அண்ணன்.

மூணாம் நாள் அப்பா கோத்தகிரி சவாரி போனார். திரும்பி வரும் நேரம் பார்த்து நான் அடிவாரத்தில் காத்திருந்தேன். வளைவு தாண்டி வந்தவர், என்னைப் பார்த்ததும் வேணும்னே ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். பின்னாடி ரோடு பளிச்சுன்னு தெரிஞ்சது.

அடுத்த லீவுக்கு மெக்கானிக் அண்ணன் கிளட்ச் வேலை சொல்லியிருக்கார். இந்த முறை வாயை மூடிக்கிட்டுப் போறதா உத்தேசம்!