வாய்மொழி அனுமதி செல்லாது: சமையலறையை நீட்டும் குடும்பங்களும் ஊராட்சி மன்ற நோட்டீஸும்

கிள்ளான், ஷா ஆலம், காஜாங், ஈப்போ, சுங்கைப் பட்டாணி என எந்த ஊரின் தாமானுக்குப் போனாலும், மலிவு விலைத் தரை வீடுகளில் கட்டி ஒப்படைக்கப்பட்ட நாளில் இருந்தபடியே நிற்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பின்பக்கம் சமையலறை நீண்டிருக்கும். முன்பக்கம் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூரை வந்திருக்கும். பக்கச் சந்து ஒன்று இருந்தால் அங்கே ஓர் அறை முளைத்திருக்கும். இரண்டு அறை வீட்டில் பெற்றோர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை வாழ வேண்டுமானால் வேறு வழி குறைவு. வீட்டை நீட்டியதில் தவறு காண முடியாது. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் நீட்டியதுதான் பின்னாளில் வினையாகிறது.

இதில் புரளும் பணம் சாதாரணப் பணமல்ல. 55 வயதில் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த தொகை, நகையை அடகு வைத்த தொகை, கூட்டுக் கட்டி எடுத்த தொகை ஆகியவை செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறுகின்றன. 2024 மே மாதம் சேமநிதியில் மூன்றாவது கணக்கு தொடங்கப்பட்டு, அதிலுள்ள பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஆனபின், வீட்டு வேலைக்குக் கைவைக்க இன்னொரு வழியும் திறந்துவிட்டது. அப்படி எழுப்பிய சுவரில் ஒருநாள் ஊராட்சி மன்றத்தின் நோட்டீஸ் ஒட்டப்பட்டால், இடிபடுவது ஒரு குடும்பத்தின் முதுமைக்காலச் சேமிப்பு.

தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இந்த அனுமதி என்ற எண்ணமே புதிது. லயத்து வீட்டின் பின்னால் தகரம் போட்டு ஓர் அடுப்படி, ஓரமாக ஒரு கோழிக்கூண்டு, வாசலில் சாமி மேடை என எதற்கும் கிராணியிடமோ மண்டோரிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேலாளர் கண்டும் காணாமல் விட்டால் அதுவே அனுமதி. வீடு நிர்வாகத்தின் சொத்து. வேலை முடிந்தால் வீடும் போய்விடும் என்பதால் யாரும் பெரிதாகச் செலவழித்துக் கட்டியதும் இல்லை. தோட்டம் விற்கப்பட்டு, அதே குடும்பம் தாமானில் சொந்த வீடு வாங்கியபோது பழக்கமும் கூடவே வந்தது. ‘சொந்த வீடு, சொந்த நிலம், யாரைக் கேட்க வேண்டும்?’ என்ற கேள்வி அங்கிருந்து பிறந்ததுதான்.

சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவு, ஊராட்சி மன்றத்தின் முன்கூட்டிய எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. ‘முன்கூட்டிய’, ‘எழுத்துப்பூர்வ’ என்ற இரண்டு சொற்களையும் கவனிக்க வேண்டும். அலுவலக முகப்பில் ஓர் அதிகாரி ‘செய்யுங்கள், பரவாயில்லை’ என்று சொன்னது அனுமதியாகாது. அந்தப் பிரிவை மீறினால் நீதிமன்றம் 50,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க முடியும். தீர்ப்புக்குப் பிறகும் குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 1,000 வெள்ளி வரை கூடும். 72ஆவது பிரிவின் கீழ், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முறையிட்டு இடிக்கும் உத்தரவையும் மன்றம் பெறலாம். ஒரு சமையலறைக்காக யாரும் சிறைக்குப் போவதைப் பார்க்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் இடிக்கும் உத்தரவு வெறும் மிரட்டல் அல்ல.

‘கட்டடம் எழுப்புவது’ என்றால் புதிய வீடு கட்டுவது மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் விளக்கம் அதைவிட அகலமானது. புதிய அஸ்திவாரம் தோண்டும் எந்த நீட்டிப்பும் அதில் அடங்கும். இரண்டு சுவர்களுக்கு இடையே திறந்திருக்கும் இடத்துக்குக் கூரை போடுவதும் அடங்கும். பின்முற்றத்துக்குத் தகரம் போட்டவர்கள் இதைத்தான் எதிர்பார்ப்பதில்லை. ஒரு வீட்டை இரண்டு குடியிருப்பாகப் பிரிப்பதும் அடங்கும். மகனுக்குத் திருமணமானதும் நடுவில் சுவர் எழுப்பி, தனி வாசல் வைத்து, தனி அடுப்படி போட்டுக்கொடுக்கும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். சாயம் பூசுவது, விளக்கு மாற்றுவது, சமையலறை அலமாரி பொருத்துவது போன்றவை பொதுவாக இந்த வலைக்குள் வருவதில்லை.

குழப்பம் தொடங்குவது நடைமுறையில். சட்டம் தீபகற்பம் முழுவதற்கும் ஒன்று. அதை நடத்தும் முறையோ மன்றத்துக்கு மன்றம் வேறு. சிறு வேலைக்கான பெர்மிட்டுக்கு ஓரிடத்தில் எளிய வரைபடம் போதும். இன்னோரிடத்தில் பதிவுபெற்ற வரைவாளரின் முத்திரை வேண்டும். மேல்மாடி எழுப்புவதென்றால் பதிவுபெற்ற பொறியாளரின் கணக்கும் கையெழுத்தும் இல்லாமல் நகராது. எல்லையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும், முன்கூரை எதுவரை வரலாம், முன்பணம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்தந்த மன்றத்தின் வழிகாட்டியில்தான் இருக்கும். கிள்ளானில் உள்ள அண்ணன் செய்ததைப் பார்த்து சிரம்பானில் உள்ள தம்பி கட்டினால் சிக்குவது இதனால்தான்.

விதிகளை எல்லாம் வெறும் தொல்லை என்று ஒதுக்குவதும் சரியல்ல. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகள் ஓர் அறையின் சன்னல், தரைப் பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு இருக்க வேண்டும். காற்று நுழையும் திறப்பு 5 விழுக்காடு இருக்க வேண்டும் என்கின்றன. 10 அடிக்கு 10 அடி அறை என்றால் 10 சதுர அடி சன்னல், அதில் பாதியாவது திறக்க வேண்டும். பின்பக்கம் சமையலறையை நீட்டும்போது நடு அறையின் ஒரே சன்னல் புதிய சமையலறைக்குள் திறக்கும்படி ஆகிவிடுகிறது. பகலிலும் விளக்கு எரியும் அறை, சமையல் புகை புகும் படுக்கை என்று அந்தக் குடும்பம் பிறகு காலமெல்லாம் அதை அனுபவிக்கிறது. தீ விபத்து என்றால் இன்னும் மோசம். பின்சந்தை அடைத்துக் கட்டிய வரிசையில் தீயணைப்பு வீரர்களுக்கு முன்வாசல் ஒன்றுதான் வழி.

வெள்ளம் இன்னொரு பாடம் புகட்டியது. 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபின், தரையை உயர்த்தியோ மேலே ஓர் அறை கட்டியோ தப்பிக்கலாம் என்று எண்ணிய குடும்பங்கள் ஏராளம். எண்ணம் நியாயமானது. ஆனால் கூடமும் படுக்கை அறையும் குறைந்தது 2.5 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. 9 அடி உயரமுள்ள கூடத்தில் தரையை ஓர் அடி உயர்த்தினால் எஞ்சுவது 2.44 மீட்டர். கூரையையும் தூக்காமல் தரையை மட்டும் தூக்கினால் விதி மீறப்படுகிறது. கூரையைத் தூக்கினால் அனுமதியும் பொறியாளரும் வேண்டும். வெள்ளம் வரும் பகுதிகளுக்கு இந்த வேலையை எளிதாக்கும் தனி நடைமுறை எல்லா மன்றங்களிலும் இருந்தால் என்ன என்ற கேள்வியை அந்தந்தப் பகுதி நகராண்மை உறுப்பினர்கள் கேட்டிருக்க வேண்டும்.

வடிகால் விஷயத்தில் மக்கள் பக்கமும் தவறு உண்டு. கார் ஏற வசதியாக வாசல் கால்வாயைச் சிமெண்டால் மூடுவதும், பின்பக்கக் கால்வாய் மீது துணி துவைக்கும் இடம் கட்டுவதும் சாதாரணமாகிவிட்டன. தெருவோரத் திறந்த கால்வாயை அனுமதியின்றி மூடுவது அதே 1974 சட்டத்தின்படி குற்றம். ஒரு வீடு மூடினால் தெரியாது. இருபது வீடுகள் மூடினால் குப்பையை அள்ள வழியில்லாமல் மழைநீர் வரிசை முழுவதையும் திருப்பித் தாக்கும். கழிவுநீர்க் குழாயின் மூடி சமையலறைத் தரைக்கு அடியில் புதைந்துபோன வீடுகளில், அடைப்பு ஏற்படும் நாளில்தான் அருமை புரிகிறது. புதிய டைல்ஸை உடைப்பதைத் தவிர வேறு வழியிருக்காது.

மன்ற அமலாக்கப் பிரிவு வீடு வீடாகப் போய்த் தேடுவது அபூர்வம். பெரும்பாலும் பக்கத்து வீட்டார் புகார் செய்த பிறகே வருகிறது. ஆகவே அனுமதிப் பிரச்சினை மெல்ல அண்டை வீட்டுச் சண்டையாக உருமாறுகிறது. இவர் கூரைத் தண்ணீர் அவர் சுவரில் ஒழுகியிருக்கும். புதிய பகுதிக்கு ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டதால் அது தனியாக இறங்கி, பழைய சுவரோடு சேரும் இடத்தில் வெடிப்பு விட்டிருக்கும். பொதுச்சுவர் என்பதால் அந்த வெடிப்பு அடுத்த வீட்டிலும் தெரியும். பேசித் தீர்க்க வேண்டியது புகாராகும். அதிகாரி வந்து பார்த்தால் புகார் செய்தவர் வீட்டிலும் அதே கதைதான். இரண்டு வீட்டுக்கும் நோட்டீஸ் என்று முடிவதும் உண்டு. அண்டை வீட்டாரின் சம்மதக் கடிதத்தைப் பல மன்றங்கள் விண்ணப்பத்தோடு கேட்பதற்கு இதுவும் காரணம். அந்தக் கடிதம் இருந்தாலே போதும், பெர்மிட் தேவையில்லை என்று நினைப்பது தவறு.

இவ்வளவு தெரிந்தும் ஏன் விண்ணப்பிப்பதில்லை? சோம்பல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. சிறு நீட்டிப்புக்கு வரைபடச் செலவே வேலையின் செலவில் கணிசமான பங்காகிவிடுகிறது. மதிப்பீட்டு வரி பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்ட வேண்டும். படிவங்கள் மலாய் மொழியில்; பல இடங்களில் எல்லாம் இணையம் வழி. ஆனால் தமிழ்க் குடும்பங்களைத் தடுக்கும் பெரிய முட்டுக்கட்டை வேறு. வீட்டுப் பட்டா காலமான தந்தையின் பெயரிலேயே கிடக்கும். பெயர் மாற்றாமல் பத்து, இருபது ஆண்டுகள் ஓடியிருக்கும். உடன்பிறந்தவர்கள் நான்கு ஊர்களில் இருப்பார்கள். விண்ணப்பத்தில் உரிமையாளர் கையெழுத்து என்ற கட்டத்தில் கையெழுத்திட யாருக்கும் உரிமை இருக்காது. இந்த நிலையிலுள்ளவர்கள் வரைவாளரைத் தேடுவதற்கு முன் நில அலுவலகத்துக்குப் போக வேண்டும். 1955ஆம் ஆண்டு சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின் கீழ், வழக்கறிஞர் இல்லாமலே வாரிசுகள் நேரடியாக விண்ணப்பித்துப் பெயர் மாற்ற அங்கே வழி உண்டு.

உதவி கேட்க யாரை அணுகுவது என்பதும் தெளிவாக இல்லை. நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் நியமன முறையை நிலைநிறுத்தியது. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு மன்றத்தில் 24 பேர் வரை இருக்கலாம். வாக்குக் கேட்டு வீட்டுக்கு வராத உறுப்பினரின் பெயர் பலருக்குத் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. நோட்டீஸ் வந்தபின் கட்சிக் கிளைத் தலைவரைத் தேடி ஓடுவதே வழக்கமாகிவிட்டது. சிபாரிசால் கால அவகாசம் கிடைக்கலாம். எல்லைக் கோட்டைத் தாண்டிய சுவருக்கு அனுமதி கிடைக்காது. அதே தலைவர்கள் தாமான் மண்டபத்தில் ஒருநாள் மன்றக் கட்டடப் பிரிவு அதிகாரியை உட்காரவைத்து, தமிழில் விளக்கம் சொல்ல ஏற்பாடு செய்தால் அது பல வீடுகளைக் காப்பாற்றும்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் பயந்து ஒளிவதில் பயனில்லை. கட்டிய பகுதி எல்லைக்குள், விதிக்குள் அடங்கினால், தாமதமாகவேனும் வரைபடம் கொடுத்து, விதிக்கப்படும் தொகையைக் கட்டி முறைப்படுத்த முடியுமா என்று மன்றத்தில் கேட்கலாம். வீட்டை விற்கும் நாளில் இது வேலைக்கு ஆகும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லாத பகுதியை வங்கியின் மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமல் விடலாம். அப்போது 40,000 வெள்ளி செலவழித்த சமையலறைக்கு விலையே இல்லாமல் போகும்.

அடுக்குமாடி வீடுகளில் நிலைமை வேறு. அங்கே 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் அதன் கீழ் வந்த 2015 விதிமுறைகளும் செல்லும். சீரமைப்பு வேலைக்கு நிர்வாகக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதி முதலில் வேண்டும்; தேவைப்படும் வேலைக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி அதற்கு மேல். குளியலறை டைல்ஸ் மாற்றும்போது நீர் கசியாத பூச்சைச் சேதப்படுத்திவிட்டால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் பார்வையிட வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாத வரை, கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகவே விதிமுறை கருதுகிறது. சுவரை உடைத்து இரண்டு அறைகளை ஒன்றாக்குபவர்கள், அந்தச் சுவர் மேல்மாடிகளின் பாரத்தைத் தாங்கும் சுவரா என்று பொறியாளரிடம் கேட்காமல் சுத்தியலை எடுக்கக் கூடாது.

கடைசியாகக் குத்தகையாளர். ‘பெர்மிட் எதற்கு, இந்த வரிசையில் எல்லாரும் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்’ என்று சொல்பவர், நோட்டீஸ் வரும் நாளில் தொலைபேசியை எடுக்க மாட்டார். நோட்டீஸ் வீட்டு உரிமையாளர் பெயருக்கே வரும். ஆகவே பெர்மிட் யார் எடுப்பது, வரைபடச் செலவு யாருடையது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதை ஒரு தாளிலாவது எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சிஐடிபி எனும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் அவர் பதிந்திருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். பாதி வேலையில் பணத்தோடு மறைந்துவிட்டால், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மூன்று ஆண்டுக்குள் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை, மனுக் கட்டணம் 5 வெள்ளி. ரசீதும் அந்தத் தாளும் கையில் இருக்க வேண்டும்.