பாட்டரி மாற்றியும் ஓடாத கடிகாரம்

சென்ற மாதம் நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் தந்தையாரின் கைக்கடிகாரத்துடன் வந்தார். தந்தையாரின் கருமாதி முடிந்து தில்லிக்குத் திரும்புகையில் தாயார் கொடுத்தனுப்பியது அது. புதிய பாட்டரி போட்டும் முள் அசையவில்லை. “இயந்திரமே போயிற்று, மாற்ற வேண்டும்” என்று கடையில் கூறிவிட்டார்களாம்.

நேயர்களே, உடனே அம்முடிவுக்கு வந்துவிடாதீர்கள். முதலில், நேரம் திருத்தும் திருகு வெளியே இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இழுபட்டிருந்தால் முள் ஓடாது. அமுக்கி விட்டாலே போதும். அடுத்து, புதிய பாட்டரியின் எண் பழையதற்கு ஈடானதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கனம் சற்றுக் குறைந்தாலும் தொடுதகடு அதில் படாது போகலாம். வெள்ளி ஆக்ஸைடு பாட்டரி 1.55 வோல்ட் தரவேண்டும். நெடுநாள் கடையில் கிடந்தது வலுக் குன்றியிருக்கக் கூடும். பழைய பாட்டரி கசிந்து தகட்டில் உப்புப் பூத்திருந்தாலும் மின்சாரம் தடைப்படும்.

குவார்ட்ஸ் கடிகாரத்தினுள் ஒரு சிறு படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தைக் காக்கிறது. முள்ளை நகர்த்தும் செப்புச் சுருளின் கம்பியோ மயிரிழையினும் மெல்லியது. திருப்புளி முனை பட்டு அது அறுந்தால் பெரும்பாலும் இயந்திரத்தையே மாற்ற நேரும். ஆதலால் வீட்டில் குடையாதீர்கள். இவற்றையெல்லாம் சோதிக்குமாறு கைதேர்ந்தவரிடம் சொல்லுங்கள்.

அன்பரின் கடிகாரத்தில் தொடுதகடுதான் வளைந்திருந்தது. வேறொரு கடைக்காரர் அதை நிமிர்த்தியதும் வினாடி முள் நகர்ந்தது. அன்பர் அதனைக் காதருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாது நின்றார்.