பன்னீர் திராட்சைக்கு இன்னொரு சந்தை

ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரரை வழிபட வருவோர் பலர், திரும்பும் வழியில் பன்னீர் திராட்சை வாங்கிச் செல்வதுண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் இத்திராட்சையிலிருந்து சிவப்பு ஒயினும் தயாரிக்கப்பட்டு வந்துள்ளது என்பதை அவர்களுள் சிலரே அறிவர். அறியாமைக்குக் காரணம் சுவையன்று, கொள்கை.

ஒயினின் விலையில் ஊர்ப்பெயருக்கும் ஒரு பங்கு உண்டு. பிரான்சின் போர்தோ பகுதித் தோட்டங்கள் 1855-இல் தரவரிசைப்படுத்தப்பட்டன. அவ்வரிசை இன்றளவும் விலையைத் தாங்கி நிற்கிறது. ஆனால், 1976-இல் பாரிஸில் பெயரை மறைத்து நடத்தப்பட்ட சுவைத்தேர்வில் கலிபோர்னிய ஒயின்கள் முதலிடம் பெற்றன. பிரான்சில் ஏறத்தாழ மறைந்துபோன கார்மனேர் என்னும் சிவப்பு ஒயின் திராட்சை, சிலி நாட்டுத் தோட்டங்களில் வேறு பெயரில் வாழ்ந்து வந்தது 1994-இல்தான் கண்டறியப்பட்டது. புகழ்பெற்ற மண்ணுக்கு அதன் பெயரே ஒரு வாடகையை ஈட்டித் தருகிறது. அந்த வாடகையைச் செலுத்த விரும்பாதவர் சிலி, போர்ச்சுகல் போன்ற நாடுகளின் அதிகம் அறியப்படாத வட்டாரங்களை நாடுகிறார். குறைந்த விலையில் நல்ல சிவப்பு ஒயின் கிடைப்பதன் பொருளாதாரம் இதுவே.

அப்படியானால் கம்பமும் அத்தகைய வட்டாரம்தானே? இன்னும் இல்லை. மனிதர் அருந்தும் மதுவகைகள் சரக்கு, சேவை வரிக்கு வெளியே உள்ளன. வரியும் விற்பனை முறையும் மாநிலங்களின் கையில் இருக்கின்றன. மகாராஷ்டிரம் 2001-இல் தனி ஒயின் கொள்கை வகுத்து வரிச்சலுகை அளித்தது, நாசிக் வளர்ந்தது. கர்நாடகம் 2007-இல் அவ்வழியைப் பின்பற்றியது. தமிழ்நாட்டிலோ 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசமே உள்ளது. பிராந்தி வாங்குவோர் நிறைந்த அக்கடைகளில், சுவைத்துப் பார்த்து வாங்க வேண்டிய பொருளுக்கு வாடிக்கையாளர் எப்படி உருவாவார்?

இதற்கிடையில் வெளியிலிருந்தும் போட்டி வருகிறது. இறக்குமதி ஒயினுக்கான சுங்கத் தீர்வை 150 சதவீதமாக இருந்தது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய உடன்பாட்டின்படி, ஐந்து டாலருக்கு மேற்பட்ட புட்டிக்கு அது 100 சதவீதமாகக் குறைந்தது. பத்தாண்டுகளில் 50 சதவீதமாகும். நம் ஒயின் நாளை மோதப்போவது நாசிக்கோடு மட்டுமன்று.

மதுவால் சிதைந்த குடும்பங்களை நானும் கண்டிருக்கிறேன். மதுவிலக்கை அரசின் நெறியாகச் சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவை நான் மறக்கவில்லை. குடிப்பவர் தொகையைப் பெருக்குவது என் வாதமன்று. ஒயினில் ஆல்கஹால் சுமார் 12 சதவீதம், பிராந்தியில் 42.8 சதவீதம். தீங்கைக் குறைப்பதே நோக்கமானால், ஆல்கஹாலின் அளவுக்கேற்ப வரி விதிப்பதே முறை.

உழவர் தரப்பிலும் ஒரு மயக்கம் களையப்பட வேண்டும். வரத்து மிகுந்து விலை சரியும்போதெல்லாம், ‘ஒயின் ஆலை அமையுங்கள்’ என்ற குரல் எழுகிறது. ஒயின் ஆலை விற்காத பழத்தைக் கொட்டும் இடமன்று. பன்னீர் திராட்சை அடிப்படையில் உண்பதற்கான பழம். அதன் ஒயின் மணமுடையதாயினும் மென்மையானது. அதற்கும் உரிய இனிப்பும் புளிப்பும் கூடிய நல்ல பழமே வேண்டும். ஆகவே கவாத்து செய்யும்போதே ஆலையும் உழவரும் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். விலையை எடையோடு இனிப்பின் அளவும் தீர்மானிக்க வேண்டும். இம்மண்ணுக்கேற்ற ஒயின் ரகங்களைச் சோதிக்க ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். விலையை உறுதி செய்யாது. பெயருக்கு விலை கிடைக்க, அதைத் தேடி வரும் இன்னொரு சந்தை வேண்டும். சென்னையில் இருப்பவர் தொலைதூரச் சிலியின் சிவப்பு ஒயினை எளிதில் வாங்க முடிகிறது. கம்பத்தின் ஒயினைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. வரி அட்டவணையைத் திருத்துவோர் முதலில் விடை காண வேண்டிய முரண் இது.