தண்ணீரை எடை போட்ட கோள்கள்

செயற்கைக் கோள் என்றதும் நம் நினைவுக்கு வருவது படம் பிடிக்கும் கோள்தான். ஏரி சுருங்கியதை அது காட்டும். காடு அழிந்ததையும் காட்டும். மண்ணுக்கடியில் கிடக்கும் நீரைப் படம் பிடிப்பது எங்ஙனம்?

அமெரிக்காவும் ஜெர்மனியும் கூடி 2002ஆம் ஆண்டு மார்ச்சில் ஏவிய ‘கிரேஸ்’ இரட்டைக் கோள்கள் இதற்கு வேறொரு வழி கண்டன. ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பூமியைச் சுற்றின. கீழே பொருண்மை மிகுந்த இடம் வரும்போது முன்னே செல்லும் கோள் சற்று முந்தி இழுக்கப்படும், இடைவெளி மாறும். அம்மாற்றத்தை மாதாமாதம் ஒப்பிட்டால் ஒரு பகுதியில் நீர் கூடியதா, குறைந்ததா என்பது புலப்படும். மண்ணின் ஈரம் முதலியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது நிலத்தடி நீரின் கணக்கு. படம் பிடிக்காமலே எடை போட்டுவிட்டார்கள்!

இராஜஸ்தான், ஹரியானா, பஞ்சாப் பகுதியைப் பற்றி 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை அங்கு குறைந்த நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர். மேட்டூர் அணையை நாற்பது முறை நிரப்பலாம். அவ்வாண்டுகளில் மழையும் பெரிதாகப் பொய்த்துவிடவில்லை. ஆகவே வானத்தின்மேல் பழி போட வழியில்லை. பம்பு செட்டுகளைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் எந்தப் பம்பு செட்டை? இங்கேதான் கோளின் கணக்கு நின்றுவிடுகிறது. அது பல மாநிலங்களைச் சேர்த்து நிறுக்கும். ஒரு வட்டத்தையோ ஒரு கிராமத்தையோ பிரித்துக் காட்டாது. நீர்மட்டம் இறங்கினால் வசதியுள்ளவர் இன்னும் நூறடி தோண்டி நீர்மூழ்கி மோட்டாரை இறக்குவார். பக்கத்து வயலில் ஆழமில்லாத கிணற்றை நம்பியவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுக் கூலிக்குப் போவார். அந்த 109இல் இவ்விருவரும் ஒன்றே. பஞ்சாபில் உழவுக்கு மின்சாரம் இலவசம். நம் மாநிலத்திலும் அப்படியே. அச்சலுகையின் நீர் யார் வயலில் பாய்கிறது என்று கேட்பது தவறாகுமா?

கோள் இருக்கையில் கிணற்றை அளக்க ஆள் எதற்கு என்று கேட்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2018 மே முதல் கிரேஸின் வாரிசுக் கோள்கள் சுற்றுகின்றன, நல்லதுதான். மத்திய நிலத்தடி நீர் வாரியமும் தேர்ந்தெடுத்த கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. ஊருக்கு ஊர் அளப்பவர்தான் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும் நம் மாணவர்கள் சாலையைச் செப்பனிடுவதோடு இதையும் செய்யலாம். ஒரு நாடா, ஒரு நோட்டு போதும். கிணறு எத்தனை அடி, நீர் எத்தனை அடியில், எத்தனை குதிரைத்திறன் மோட்டார், எத்தனை ஏக்கர் பாய்கிறது என்று குறித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு வரலாம். சித்திரையில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை.